பனங்கொட்டை ஊன்றும் உரிமை

பண்ணை நிலம் விற்பனைக்கு! கால் ஏக்கர் முதல் கிடைக்கும்! கம்பி வேலி உண்டு, மாங்கன்று உண்டு, சொட்டுநீர்க் குழாய் உண்டு, காவலாள் உண்டு. வார இறுதியில் வந்து இயற்கையோடு இயைந்து வாழலாம்! இவ்விதமான பலகைகள் பெருநகரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் வரிசை வரிசையாக நின்று வரவேற்பு வழங்குகின்றன. அப்பலகைகளின் மூலையில் அண்மைக் காலமாக ஒரு சொல் குடியேறியிருக்கிறது: பெர்மாகல்ச்சர். சொல்லில் குற்றமில்லை, தோழர்களே! சொல்லுக்குரிய பொருளிலும் குற்றமில்லை. அந்தச் சொல்லைச் சுமந்து நிற்கும் பலகைக்குக் கீழே குழி வெட்டிக்கொண்டிருக்கிறானே ஒரு கூலியாள், அவனுக்கு அந்தப் பொருளில் பங்கு உண்டா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலே உள்ள டாஸ்மேனியாத் தீவில், பில் மாலிசன் என்ற ஆசிரியரும் டேவிட் ஹோம்கிரென் என்ற இளம் மாணவரும் 1970-களில் உருவாக்கிய சிந்தனை அது. 1978-இல் நூலாக வந்தது. ‘நிலைத்த’ என்பதையும் ‘வேளாண்மை’ என்பதையும் பொருளாகக் கொண்ட இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த புதுச்சொல். கருத்து எளிது. காட்டுக்கு எவரும் எரு இடுவதில்லை, எவரும் நீர் பாய்ச்சுவதில்லை; எனினும் காடு தழைக்கிறது. உயர்ந்த மரம், அதன் நிழலில் சிறு மரம், அதன் அடியில் செடி, செடியைச் சுற்றிக் கொடி, மண்ணை மூடிய புல், மண்ணுக்குள்ளே கிழங்கு என்று அடுக்கடுக்காக, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாக, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மனிதனுக்கு வேண்டிய காய்கனி தானியங்களைக் கொண்டே அப்படியோர் அமைப்பை ஏன் கட்டக்கூடாது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

“இது என்ன புதுமை? நம் பாட்டன் செய்ததுதானே!” என்று மார்தட்டுவோர் உளர். பாதி உண்மை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் செல்லுங்கள். கொரங்காடு என்று ஒன்றைக் காண்பீர்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையிலே கொழுக்கட்டைப்புல். வேலி முள்ளாகவும் நிற்கிறது, தழையாகவும் பயன்படுகிறது. மரம் நிழலும் தருகிறது, நெற்றும் தருகிறது. நெற்றைத் தின்ற மாடும் ஆடும் சாணத்தோடு விதையை நிலமெங்கும் தூவுகின்றன. பாசனம் இன்றி, மழையை மட்டுமே நம்பி, காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்த நிலம் அது. டாஸ்மேனியாவில் ஏட்டில் எழுதப்படுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே கொங்கு நாட்டுக் கரட்டு நிலத்தில் நடைமுறையில் இருந்த ஏற்பாடு.

மறுபாதியையும் சொல்ல வேண்டுமன்றோ? பாட்டன் செய்தான் என்று பெருமை பேசுகிறோமே, எந்தப் பாட்டன்? நிலமுடைய பாட்டனா, அவனுடைய நிலத்திலே விடியுமுன் வந்து இருண்டபின் சென்ற பண்ணையாளின் பாட்டனா? ஏரும் எருவும் விதைத் தேர்வும் மழைக்குறி அறிதலும் பின்னவனின் அறிவு. பலனும் பட்டாவும் முன்னவனின் உடைமை. பழைய வேளாண்மையை மீட்போம் என்போர், பழைய பண்ணை முறையையும் சேர்த்து மீட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடைகளில் இதை எவரும் பேசுவதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

இனி, ஒருவன் தொடங்குகிறான் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் மானாவாரி மேட்டு நிலம், செம்மண், கிணறு இல்லை. புதுக்கோட்டைச் சீமையிலோ சிவகங்கைப் பக்கத்திலோ அவன் இருக்கட்டும். செய்ய வேண்டுவது யாது?

முதல் வேலை, ஒரு மழைக்காலம் முழுதும் நிலத்தைப் பார்ப்பது. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது என்று குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பது. இதற்குக் காசு வேண்டாம், கண் வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகை அடைமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். ஆண்டு முழுவதற்கும் 36 இலட்சம் லிட்டர். இரண்டு ஏக்கருக்கு 72 இலட்சம் லிட்டர்! தண்ணீரில்லா நிலம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறானே, அவன் தலைமீது விழுந்து, காலடியில் ஓடி, கடலுக்கோ கண்மாய்க்கோ மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிற நீர் அது.

அதை நிறுத்த வரப்பு வேண்டும். அவ்வரப்பு சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் ஓட வேண்டும். மட்டம் பார்க்கப் பொறியாளர் வர வேண்டுவதில்லை. இரண்டு கொம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் குச்சி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். கயிறு குறுக்குக் குச்சியின் நடுக்குறியைத் தொடும்போது இரு கால்களும் ஒரே மட்டம். ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், நிலத்தின் சமமட்டக் கோடு தானே தெரியும். அக்கோட்டில் மேற்புறம் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் வரப்பாக்கினால், ஓடும் நீர் நடக்கும். நடக்கும் நீர் நிற்கும். நிற்கும் நீர் மண்ணுக்குள் இறங்கும். தாழ்ந்த மூலையில் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால், ஒரு நிரப்புக்கு 4½ இலட்சம் லிட்டர். வெயிலில் ஆவியாகும் அளவு போக மிச்சம் இருப்பது, தை மாசி வரை கன்றுகளைக் காப்பாற்றும்.

அடுத்தது மண். குளிர்நாட்டு மண்ணுக்கும் வெப்பநாட்டு மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அயல்நாட்டு நூலைப் படித்துவிட்டு வரும் ஆர்வலர் பலர் மறந்துவிடுகின்றனர். அங்கே குளிரில் சருகு மெல்ல மட்கி, ஆண்டுக்கணக்கில் மண்ணிலே சேமிப்பாகத் தங்கும். இங்கே வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாத்திரத்தில் நுண்ணுயிர்கள் அதைச் சில திங்களில் தின்று தீர்க்கும். வெற்று மண்ணாக விட்டால் வெயில் சுடும், மழைத்துளி சம்மட்டிபோல் அடிக்கும், மேல்மண் கரைந்தோடும். ஆகவே வெப்ப மண்டலத்தில் வளத்தை உயிருள்ள செடியிலும் மரத்திலும் சேர்த்து வைக்க வேண்டும். தரை ஒருநாளும் அம்மணமாக இருத்தலாகாது. முதல் மழைக்கே சணப்பும் தக்கைப்பூண்டும் தட்டையும் கொள்ளும் கம்பும் சோளமும் எள்ளும் ஆமணக்கும் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது அல்லது அறுத்து மூடாக்காகப் பரப்புவது, கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து சொன்ன பல தானிய விதைப்பு இதுவே. கரூர் மாவட்டத்து வறண்ட நிலத்தில் அவர் அமைத்த வானகத்தில் இவ்வகை வழிகள் செயலாகக் காட்டப்பட்டன.

நூலைப் பார்த்து மேட்டுப்பாத்தி போடுகிறார்கள் சிலர். படத்துக்கு அழகு! அடைமழை கொட்டும் மலைநாட்டில் அது சரி. மானாவாரிச் செம்மண்ணிலோ மேடு நான்கு நாளில் காய்ந்து சாம்பலாகும். இங்கே வேண்டுவது தாழ்பாத்தி. வீட்டுப் புறத்தே இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு வட்டக்குழி தோண்டி, சருகையும் குப்பையையும் நிரப்பி, விளிம்பிலே வாழையும் பப்பாளியும் சேம்பும் நட்டு, அடுப்படித் தண்ணீரையும் குளித்த நீரையும் அதில் விட்டால் கோடையிலும் பச்சை நிற்கும். வேலிக்குக் கிளுவைப் போத்து. வரப்பில் வெட்டிவேரும் அகத்தியும் கிளைரிசிடியாவும். அகத்தியை ஆடு தின்னும், ஆட்டை நிலம் தின்னும், அதாவது அதன் புழுக்கையை! முருங்கை விதை ஊன்றினால் ஆறு எட்டு திங்களில் காய். பப்பாளிக்கு ஏறத்தாழ ஓராண்டு. நெல்லிக்கும் மாவுக்கும் நான்கைந்து ஆண்டுகள். இவை அனைத்துக்கும் மேலாக, வரப்பின் ஓரத்தில் பனங்கொட்டை. வறட்சியைத் தாங்கும், புயலுக்கு நிற்கும், வேரால் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். பயன் தருவதற்கோ பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஆகும்.

இங்கேதான் நிற்க வேண்டும், தோழர்களே! பயிர்நூல் முடிந்து அரசியல் தொடங்கும் இடம் இது.

முதல் ஆண்டு மண்ணுக்கு. இரண்டாம் ஆண்டு நீருக்கும் வேலிக்கும். மூன்றாம் ஆண்டில் தானியமும் காயும் கீரையும் குடும்பத்தின் வயிற்றுக்கு வரும். சந்தைக்கு வருவது அதற்கும் பின்னரே. அந்த மூன்று ஆண்டுகள் உலை எதனால் கொதிக்கும்? கணிப்பொறி நிறுவனத்தில் திங்கள்தோறும் ஊதியம் பெறுபவர்க்கு அது சிக்கலே அன்று. நிலம் அவருக்கு வார இறுதி வகுப்பறை. நூற்றைம்பது மாங்கன்றில் நூறு பட்டுப்போனால் மறுபடியும் வாங்குவார். ஆயின் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவள், வரப்பு வெட்டும் அந்த நாற்பது நாள்களை எங்கிருந்து கொண்டுவருவாள்? அவளுக்கு அறிவு குறைவா? வெட்டிவேர் எங்கே வேண்டும், ஆட்டுக்கிடை எப்போது போட வேண்டும் என்று அவளிடம் கேட்டுத்தானே பண்ணை வாங்கியவரே பயில்கிறார்! குறைவது அறிவன்று, அவகாசம். அவகாசத்துக்கு விலை உண்டு. அந்த விலையை ஏழை தன் வயிற்றிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

இது நிலம் உள்ளவளின் நிலை. இல்லாதவளின் நிலையோ இன்னும் கொடிது. 2015–16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதற்கும் கீழே கணக்கேட்டிலேயே ஏறாத வாரதாரர்கள், வாய்மொழிக் குத்தகைதாரர்கள். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-இல் வந்தது. சட்டம் ஏட்டில் ஏறிற்று. குத்தகைதாரன் பெயர் ஏட்டில் ஏறவில்லை! பெயரைப் பதிந்தால் நிலம் போய்விடும் என்று உடையவர் அஞ்சுகிறார். பதியச் சொன்னால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்று உழுபவன் அஞ்சுகிறான். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு பேச்சு, ஆண்டுக்கு ஆண்டு மாற்றம்.

அவனிடம் போய், மண்ணை வளப்படுத்து, மரம் வை, மூடாக்குப் போடு என்று அறிவுரை கூறுவது அறமாகுமா? மூன்றாண்டு உழைத்து மண்ணைக் கறுப்பாக்கினால், நான்காம் ஆண்டு குத்தகை உயரும், அன்றேல் நிலம் கைமாறும். அவன் இட்ட எரு பிறர் சொத்து. அவன் வெட்டிய குட்டை பிறர் குட்டை. மரமோ கேட்கவே வேண்டாம். மரம் வைத்தால் உரிமை கொண்டாடுவான் என்று உடையவரே தடுக்கிறார். வாரத்துக்கு உழுபவன் உப்புரம் தூவி ஒரு போகத்தில் எடுத்தவரை எடுத்துக்கொண்டு நகர்கிறான் என்றால், அது அறியாமையன்று. ஓராண்டு உரிமைக்கு ஏற்ற ஓராண்டு வேளாண்மை. நிலைத்த வேளாண்மை வேண்டுமா? நிலைத்த உரிமை கொடுங்கள்! பனங்கொட்டை ஊன்ற அவனுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே அளவுகோல்.

கற்பனையன்று என்பதற்குத் தக்காணத்திலே ஒரு சான்று உண்டு. இன்றைய தெலங்கானாவில், ஜஹீராபாத் வட்டாரத்தில், 1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கம், ஏறத்தாழ 75 ஊர்களில் 5,000 பெண்களைச் சங்கங்களாகத் திரட்டியது. பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமுதாயத்துப் பெண்கள், கூலிக்குப் போனவர்கள். அவர்களிடம் இருந்த நிலம், கல்லும் கரம்புமாக, பெயருக்கு நிலம். மாலிசன் 1980-களில் இந்தியாவுக்கு வந்து பயிற்சி அளித்ததையடுத்து, அங்கே பஸ்தாப்பூரில் அவ்வழியிலான பண்ணை உருவாயிற்று. ஆனால் பண்ணையைவிடப் பெரிது, பெண்கள் செய்துகொண்ட ஏற்பாடு. தரிசைத் திருத்துவதற்குக் கடன். கடனைப் பணமாக அன்றித் தானியமாகத் திருப்புதல். திரும்பிய சோளம் ஊர்க் களஞ்சியத்தில் சேர்ந்து, பசித்த வீட்டுக்குக் குறைந்த விலையில் போதல். விதையும் அவ்வாறே, கடனாக வாங்கிக் கூட்டித் திருப்புவது. நீர்ப்பாசனம் இன்றி, ஒரே வயலில் சோளம், துவரை, தினை, வரகு என்று இருபது வகை வரை கலந்து விதைக்கிறார்கள். மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று நிற்கும். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘பூமத்திய ரேகைப் பரிசு’ அச்சங்கங்களைத் தேடி வந்தது. பரிசு பெரிதன்று; கூலிக்காரி என்று அழைக்கப்பட்டவளிடம் ஊர்ப் பெருந்தனக்காரர் விதை கேட்டு வந்து நிற்பது பெரிது.

கடல் கடந்தும் ஒரு பாடம். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வந்த வழி அடைபட்டது. டிராக்டர்கள் நின்றன. ஹவானா நகரின் காலி மனைகளில் எருப்பாத்திகள் எழுந்தன. 1993-இல் அரசுப் பண்ணைகள் கூட்டுறவுகளுக்குப் பிரித்துத் தரப்பட்டன. 2008-இல் தரிசு நிலங்களைத் தனியாருக்கு உழுதுண்ணும் உரிமையோடு 10 ஆண்டுக்கு அளித்தது ஒரு சட்டம். பத்தாண்டு போதவில்லை, 2018-இல் அது 20 ஆண்டாக உயர்த்தப்பட்டது. கியூபா இன்றும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஆகவே அதைச் சொர்க்கமென்று நாம் சித்திரிக்கவில்லை. மரம் நடச் சொல்லும் அரசு, மரத்தின் வயதுக்கேற்ற உரிமையைத் தந்தாக வேண்டும் என்பதை அந்நாடு கைச்சேதப்பட்டுக் கற்றது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

“உரமே வேண்டாம் என்கிறீர்களா? இலங்கை பட்ட பாட்டை மறந்தீர்களா?” என்று கேட்பர். மறக்கவில்லை. 2021 மே திங்களில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது அந்நாட்டு அரசு; நெல்லும் தேயிலையும் தடுமாறின; அவ்வாண்டு நவம்பரிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. மண்ணில் வளம் சேர மூன்றாண்டு வேண்டும் என்று மேலே கண்டோம். ஓர் இரவில் சேரும் என்று எண்ணிய ஆட்சியின் பிழை அது. 1965–66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த நாடு இது. குட்டை நெல் வந்தது, உரம் வந்தது, விளைச்சல் பெருகிற்று. பட்டினியைப் பார்த்தவர் எவரும் அதை ஏளனம் செய்யார். ஆயின் அந்தப் பெருக்கு வாய்க்கால் பாயும் வயலுக்குப் போயிற்று. மானாவாரி மேட்டு நிலத்தை அது எட்டிப் பார்க்கவில்லை. நாம் பேசுவது, எவரும் எட்டிப் பாராத அந்த மேட்டு நிலத்தைப் பற்றி.

அரசிடம் கொள்கை இல்லாமல் இல்லை. 2023-இல் தமிழ்நாடு இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிடப்பட்டது. 2006-இல் நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்து, 1970-இல் வரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்னே, 1892-இல் வெள்ளையர் ஆட்சியில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம்! அந்நிலங்களில் எத்தனை இன்று எவர் கம்பி வேலிக்குள் கிடக்கின்றன? ‘இயற்கையோடு இயைந்து வாழலாம்’ என்னும் பலகைக்குப் பின்னே எத்தனை? நிபந்தனைப் பட்டா நிலத்தைப் பெற்றவன், முதல் மூன்றாண்டுச் செலவுக்கு வழியின்றித் தரிசாய்ப் போட்டு, பின் அற்பத் தொகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதை எத்தனை ஊர்களில் கண்டிருக்கிறோம்! நிலத்தைக் கொடுத்தார்கள், நிலத்தைக் காப்பதற்கான மூன்றாண்டுச் சோற்றைக் கொடுக்கவில்லை.

ஆதலின் நம் கோரிக்கை, பயிற்சி முகாமும் பாராட்டுச் சான்றிதழும் அன்று. தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தை, நிலமற்ற பெண்களின் குழுக்களுக்குக் குறைந்தது இருபதாண்டு, பதிவு செய்த குத்தகையில் கொடுக்க வேண்டும். நட்ட மரம் நட்டவர்க்கே என்று பத்திரத்தில் எழுத வேண்டும். நிலத்தை இடையில் எடுத்தால் மரத்துக்கும் மண்ணுக்கும் ஈடு தர வேண்டும். முதல் மூன்றாண்டுக்கு, தம் நிலத்தில் தாமே செய்யும் வரப்பு, குட்டை, உயிர்வேலி வேலைகளுக்குக் கூலி வழங்க வேண்டும். முடியாத காரியமன்று: 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் சிறு உழவர் நிலங்களில் பண்ணைக்குட்டைகள் வெட்டப்பட்டன, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நிலத்திருத்தம் நடைபெற்றது. விளைந்த தினையையும் வரகையும் சத்துணவுக் கூடத்துக்கும் விடுதிகளுக்கும் அரசே கொள்முதல் செய்தால், நகரத்து இயற்கை அங்காடியின் கண்ணாடிப் பெட்டிக்குள் போவது குறைந்து, விளைந்த ஊரின் பிள்ளைகள் தட்டிலே விழும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் கிராம சபை கூடுவதற்கென்று தமிழகத்தில் குறிக்கப்பட்டுள்ளன. அடுத்துக் கூடும் சபைக்கு முன்னதாக, உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீர்வை ஏற்பட்ட தரிசு எத்தனை ஏக்கர், தீர்வை ஏற்படாத தரிசு எத்தனை, நிபந்தனைப் பட்டா எத்தனை, அவற்றில் இன்று எவர் கை இருக்கிறது என்று புல எண்ணோடு ஒரு பட்டியல் எடுங்கள். குத்தகைக்கு உழுவோர் பெயரை, அவர்கள் அஞ்சாமல் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏறும் வரையில் நாற்காலியை விட்டு எழாதீர்கள். பனங்கொட்டை கிடைப்பது ஆவணி புரட்டாசியில். நிலத்தைக் கேட்கும் வேலையை அதற்குள் தொடங்கிவிட வேண்டும்.